டிசியா, டிடியா? படத்தின் கீழே சரியான பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய பிரிட்டிஷ் திறந்த கார்கள் பற்றிய கட்டுரையை ஆசையோடு படித்தேன். எம்ஜி கார்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் தமிழ்ப் பத்திரிகை வேறு இல்லை. அதனால்தான் இரண்டு படங்களுக்குக் கீழே போட்டிருந்த பெயர்கள் மனதை உறுத்துகின்றன.

'1948 எம்ஜி டிசி' என்று போட்டிருக்கும் சிவப்பு வண்டி டிசியே அல்ல, அதற்கு அடுத்து வந்த டிடி மாடல். ஸ்போக் வீலைப் பார்த்து முடிவு செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். டிசியின் அடையாளமாக எல்லோரும் சொல்வது உயரமான 19 அங்குல ஸ்போக் வீலைத்தான். டிடியைத் தொழிற்சாலை 15 அங்குல டிஸ்க் வீலோடுதான் அனுப்பியது. அந்த வீல் பிடிக்காத பலர் பின்னாளில் ஸ்போக் வீல் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே ஸ்போக்கை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல முடியாது. அதே படத்தில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது. டிசி, அமெரிக்காவுக்குப் போன வண்டி உட்பட, வலது ஸ்டியரிங்கில் மட்டுமே வந்தது. டிடி உற்பத்தி தொடங்கியதே 1949 இறுதியில்தான். 1948 என்ற ஆண்டும் அதனால் பொருந்தாது.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் முன்பக்கம் குனிந்து பார்ப்பதே நிச்சயமான வழி. டிசியில் இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில், அதைத் தாங்கும் பட்டா ஸ்பிரிங். டிடியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி காயில் ஸ்பிரிங். வீலை மாற்றலாம், பெயின்டை மாற்றலாம், பேட்ஜை விலைக்கு வாங்கி ஒட்டலாம். முன் சஸ்பென்ஷனை யாரும் அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை.

இரண்டாவது படம் 'டிடி மார்க் 2'. எஞ்சின் தகட்டில் டிடி2 என்று இருப்பதே ஆதாரம் என்று கட்டுரையும் சொல்கிறது. எம்ஜி உலகில் ரொம்பப் பழைய குழப்பம் இது. எஞ்சின் எண் 9408-இலிருந்து கிளட்சை ஏழேகால் அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். அப்போதுதான் எஞ்சின் எண்ணின் முன்னே எக்ஸ்பிஏஜி/டிடி2 என்று (எக்ஸ்பிஏஜி என்பது எஞ்சின் வகையின் குறியீடு) பொறிக்க ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு வந்த சாதாரண டிடி எல்லாவற்றிலும் இந்த எழுத்து உண்டு. மார்க் 2 வேறு வண்டி. வேகப் பிரியர்களுக்காகக் கம்ப்ரெஷனைக் கூட்டி, பெரிய கார்புரேட்டர் வைத்து, வழக்கமான ஷாக் அப்சார்பரோடு கூடுதலாக ஆண்ட்ரெக்ஸ் என்ற பிராண்டின் உராய்வு டாம்பர்களும் பொருத்திய டிடி அது. அதன் சேசிஸ் எண் டிடி/சி என்று தொடங்கும். பெரிய கார்புரேட்டருக்கு இடம் விடுவதற்காகப் பானெட்டின் வலது பக்கத் தகடு கொஞ்சம் புடைத்திருக்கும். உங்கள் படத்தில் வலது பக்கம் நன்றாகவே தெரிகிறது. தகடு தட்டையாக இருக்கிறது!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்கு 'டிடி' என்று மட்டும் ஆர்டர் கொடுத்தால் ஏழேகால் அங்குலமும் வரலாம், எட்டும் வரலாம். வாங்க வருபவரிடம் சாதாரண டிடியை மார்க் 2 என்று சொன்னால் விலை ஏறிவிடும். அப்புறம் பத்திரிகையில் ஒருமுறை அச்சான பெயரையே அடுத்து எழுதுகிறவர் எடுத்தாள்வார்.

டிடிக்கு அடுத்து வந்த டிஎஃப் மாடல் பற்றிய பகுதி சரியாக இருக்கிறது. ஹெட்லைட் மட்கார்டோடு ஒட்டியிருக்கும் என்ற அடையாளம் போதும். டிஎஃப் 1500-க்கு 1466 சிசி எஞ்சின் என்பதையும் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

டிசியையும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிபி மாடலையும் பிரித்தறியும் வழி கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடமே அதுதான். இரண்டுக்கும் ஒரே 1250 சிசி எஞ்சின், தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஃபுட்போர்டில் ஓடும் மிதிபட்டைகளை எண்ணுங்கள். டிபியில் மூன்று, டிசியில் இரண்டு. ஃபுட்போர்டைப் புதிதாகச் செய்து மாட்டியிருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தால் பட்டா ஸ்பிரிங்கின் பின்முனையைப் பாருங்கள். டிபியில் அது வழுக்கி நகர இடம் விடும் டிரனியன் என்ற தாங்கிக்குள் நுழைந்திருக்கும், டிசியில் ரப்பர் புஷ் போட்ட ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பில் நிற்கும். டிபி மொத்தம் 379 வண்டிகள்தான் செய்தார்கள். டிசி சுமார் 10,000. டிசியின் சேசிஸ் எண்கள் 251-இல் தொடங்குகின்றன. இங்கிலாந்தின் அபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையின் தொலைபேசி எண் அது.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் சேசிஸ் மீது டிடி போலவே ஃபைபர் பாடி மாட்டிய வண்டிகள் நிறைய உண்டு. எஞ்சின் பின்னால் இருந்தால் அபிங்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த இதழில் இரண்டு படங்களுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி இத்தகைய கட்டுரை எழுதுபவர்களிடம் வண்டியின் படத்தோடு, சேசிஸ் எண்ணும் எஞ்சின் தகடும் தெரியும்படி ஒரு படம் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.