வடசென்னை அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் மனநலப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவர்களுக்கும் கவுன்சிலர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது, தூங்கிய பிள்ளைகளை வாரிக்கொண்டு ஊரே ஓடியது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலும் எண்ணெய்க் கசிவும். இந்தப் பக்கத்து ஆட்டிசம் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் நான். அப்படியொரு இரவுக்கு அப்புறம் பிள்ளை தூங்க மறுக்கிறது, பினாயில் வாடைக்கே அலறுகிறது, பேசிய ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோகிறது என்று பெற்றோர் சொன்னால், "ஆட்டிசம்னா அப்படித்தாம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள். எப்போதிலிருந்து என்று முதலில் கேளுங்கள். வாயுக் கசிவும் புயலும் மட்டுமல்ல, வகுப்பில் வாங்கிய அடி, நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் போட்ட ஊசி, யாரிடமும் சொல்லாத பாலியல் தொல்லை, எதுவாகவும் இருக்கலாம்.

ட்ராமாவுக்கான, அதாவது இப்படி மனதில் தங்கிவிட்ட அதிர்ச்சிக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை), ஈஎம்டிஆர் (நடந்ததை நினைத்தபடியே கண்ணை இடவலமாக அசைக்கும் சிகிச்சை) எல்லாம் நல்ல சிகிச்சைகள்தான். ஆனால் தன் மனதில் ஓடுவதைப் பிள்ளை சொல்லிவிடும் என்று நம்பி அமைத்தவை. "பயம் பத்துக்கு எத்தனை?" என்றால் எங்கள் பிள்ளைகளில் பலர் விழிப்பார்கள். உடம்புப் படம் ஒன்றைக் கொடுங்கள், எங்கே படபடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். கண்ணை மூடி அமைதியான இடத்தைக் கற்பனை செய்யச் சொல்வதைவிட, அந்த இடத்தின் போட்டோவைக் கையில் கொடுப்பது மேல்.

ரயில் என்றால் உயிரை விடும் பையனிடம், நடந்ததை கும்மிடிப்பூண்டி லைன் மாதிரி வரையச் சொல்லலாம். தூக்கம் ஒரு ஸ்டேஷன், வாடை ஒரு ஸ்டேஷன், அப்புறம் ஆட்டோ, மண்டபம். இன்று எங்கே நிற்பது, எதை நிற்காமல் தாண்டுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். நடந்ததைச் சொல்லவைக்கும் அதே சிகிச்சைதான் இது. நடுவில் கையை உதறினால் உதறட்டும், அது அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி. கண்ணைப் பார்த்துப் பேசு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பதின்ம வயதினரிடம் அம்மாவை வெளியே உட்காரவைத்தும் கொஞ்சம் பேசுங்கள். பேச வராதவர் போனில் டைப் செய்யட்டும்.

முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, சரி. மீன் விற்கும் அம்மா எண்ணூரிலிருந்து வாராவாரம் பஸ் மாறி மாறி அங்கே எப்படிப் போவார்? நாங்கள் கேட்பது வாரத்தில் ஒரு மதியம், ஓபி கூட்டம் கலைந்த பிறகு, அதே அறை, அதே கவுன்சிலர், அரை மணி நேரம். அடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு மருத்துவமனையிலாவது தொடங்குங்கள். படங்கள் தயார் செய்ய எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.