ஓகாடென் போருக்கு ஒரு வரிகூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிப்போர் காலத்துப் போர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான் என்று சுற்றிவந்து, எல்லாவற்றுக்கும் வேர் கம்யூனிசமா முதலாளித்துவமா என்ற கொள்கைச் சண்டைதான் என்று முடித்திருந்தது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தியோப்பியாவின் ஆட்சியில் இருந்த, சோமாலியர் வாழும் ஓகாடென் பகுதிக்காக 1977-78இல் சோமாலியாவும் எத்தியோப்பியாவும் மோதிக்கொண்ட ஓகாடென் போர் ஒன்றே அதை மறுக்கப் போதும். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை.

அந்தப் போரில் இரு தரப்பும் மார்க்சியம் பேசியவை. 1969இல் ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த சியாத் பரே, மறு ஆண்டே சோமாலியா 'அறிவியல் சோசலிச'ப் பாதையில் போகும் என்று அறிவித்தார். தலைநகர் மொகதிஷுவின் ஊர்வலங்களில் மார்க்ஸ், லெனின் படங்களோடு அவர் படமும் சேர்ந்து போனது. 1974இல் சோவியத் யூனியனுடன் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெர்பெரா துறைமுகத்தைச் சோவியத் கடற்படை பயன்படுத்திக்கொண்டது. பதிலுக்கு டாங்கிகளும் மிக் விமானங்களும் வந்தன.

எத்தியோப்பியாவோ பேரரசர் ஹைலே செலாசி காலம் முழுவதும் அமெரிக்காவின் செல்லப்பிள்ளை. அன்று எத்தியோப்பியாவோடு சேர்ந்திருந்த அஸ்மாராவில் இயங்கிய அமெரிக்கத் தகவல் தொடர்பு நிலையம் அந்த உறவுக்கு முக்கியமான காரணம். 1974இல் ராணுவம் பேரரசரை இறக்கியது. 1977 பிப்ரவரியில் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்த மெங்கிஸ்து ஹைலே மரியம், மாஸ்கோ பக்கம் சாய்ந்தார். அவருடைய ஆட்சி அடிஸ் அபாபா தெருக்களில் சுட்டுப்போட்ட இளைஞர்களில் மிகப் பலர் வேறொரு மார்க்சியக் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கொள்கைப் போர் என்று எழுதுபவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1977 மார்ச்சில் கியூபத் தலைவர் பிடல் காஸ்ட்ரோ தெற்கு ஏமனின் தலைநகர் ஏடனில் இரு தலைவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். இரு நாடுகளும் தெற்கு ஏமனும் சேர்ந்து ஒரு சோசலிசக் கூட்டாட்சி அமைக்கலாம் என்றார். சியாத் பரே மசியவில்லை. காரணத்தைத் தேடி எந்தச் சித்தாந்த நூலையும் புரட்ட வேண்டாம், சோமாலியக் கொடியைப் பார்த்தால் போதும். நீல நிறத்தின் நடுவே உள்ள வெள்ளை நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் சோமாலியர் வாழும் ஐந்து நிலப்பகுதிகளைக் குறிப்பவை. அதில் ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்ட ஓகாடென்.

ஜூலையில் சோமாலியப் படை எல்லை தாண்டியது. செப்டம்பரில் ஜிஜிகா நகரம் விழுந்தது. மாஸ்கோ எத்தியோப்பியாவைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று தெரிந்ததும், நவம்பர் 13 அன்று சியாத் பரே ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்து சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றினார். அடுத்த சில வாரங்களில் எத்தியோப்பியாவுக்குச் சோவியத் விமானங்கள் வரிசைகட்டி ஆயுதம் இறக்கின. கியூபாவிலிருந்து 15,000 பேர் அளவுக்குப் படை வந்தது. ஹெலிகாப்டர்களில் கவச வண்டிகளை மலைக்கு அப்பால் இறக்கி, 1978 மார்ச்சில் ஜிஜிகாவை மீட்டார்கள். சோமாலியப் படைக்குப் பல ஆண்டுகள் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்த அதே நாடுதான் அதை முறியடிக்கவும் திட்டம் போட்டது.

வாஷிங்டன் மட்டும் மாறாமல் நின்றதா? இல்லை. அத்துமீறியது சோமாலியா, இது உள்ளூர்த் தகராறு என்று வெளியுறவு அமைச்சர் சைரஸ் வான்ஸ் சொன்னார். பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கியின் கண்ணுக்குச் சோவியத் கை மட்டுமே தெரிந்தது. போர் நடந்தபோது வான்ஸ் வாதம் வென்றது. 1980இல் பிரெசின்ஸ்கியின் பார்வை வென்றது. சோவியத் கப்பல்கள் நின்ற அதே பெர்பெராவை அமெரிக்கா தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. சியாத் பரேயின் சிறைகள் அப்படியேதான் இருந்தன.

இதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று அன்றைய சோமாலியாவின் வட பகுதி நகரான ஹர்கெய்சாவில் பார்க்கலாம். 1988 ஏப்ரலில் மெங்கிஸ்துவும் சியாத் பரேயும், ஒருவர் நாட்டுக் கிளர்ச்சியாளருக்கு மற்றவர் உதவுவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். எத்தியோப்பியாவில் இருந்த புகலிடம் பறிபோகும் நிலையில் சோமாலியக் கிளர்ச்சியாளர்கள் மே மாதம் வட பகுதி நகரங்களுக்குள் நுழைந்தனர். ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே எழும்பிய போர் விமானங்கள் ஹர்கெய்சாவின் வீடுகள் மீதே குண்டு போட்டன. அவற்றில் சோவியத் நாடு கொடுத்த மிக் விமானங்களும் இருந்தன. அதே கோடையில் பெர்பெராவில் அமெரிக்கத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அரசுப் படைக்காக இறங்கின. உயிர் தப்பிய பல லட்சம் பேர் நடந்துபோய்ச் சேர்ந்த இடம் எத்தியோப்பியா, பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நாடு படையெடுத்த அதே நாடு. விழுந்த ஒரு மிக் விமானத்தை நகரின் நடுவே மேடை கட்டி இன்றும் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

அந்தத் தலைவர்களை வல்லரசுகளின் பொம்மைகள் என்றும் நான் சொல்ல மாட்டேன். நிலமும் பதவியும் வேண்டியிருந்தன. எவர் ஆயுதம் தருவாரோ அவர் மொழியை அவர்கள் பேசினார்கள். மாஸ்கோவும் வாஷிங்டனும் அதைத் தெரிந்தே கொடுத்தன. மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

தங்கள் இதழைப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். பனிப்போரை இரண்டு கொள்கைகளின் மோதலாக மட்டும் அவர்கள் மனதில் பதியவிடாதீர்கள். சோமாலியா, எத்தியோப்பியா அடங்கிய ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். அதில் ஹர்கெய்சாவுக்குப் போதிய இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்