பழமை நீங்கியது என்று எழுதினீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்த மூன்று சாமி சிலைகளைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். படத்துக்குக் கீழே இருந்த வரியை நாலைந்து முறை படித்தேன். “புளி போட்டுத் தேய்த்ததும் ஆயிரம் ஆண்டுப் பழமை நீங்கி, சிலைகள் தங்கம்போல் ஜொலித்தன.” படத்தில் ஒருவர் கையில் தேங்காய் நார். பக்கத்தில் எவர்சில்வர் குண்டானில் புளிக்கரைசல். அம்மன் முகத்தில் பாதி பளபளப்பு, பாதி பச்சை. எனக்கு மனசு பதறிவிட்டது. எழுதியவர் சந்தோஷமாக எழுதியிருக்கிறார் என்பதுதான் இன்னும் வேதனை.

நான் மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் கார்பனேட்டையும் கரைக்கும் என்று எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குத்துவிளக்குக்கு அது சரி. பூஜையில் இருக்கும் உற்சவரையும் காலங்காலமாக அப்படித்தான் துலக்குகிறார்கள். அதைக் குறை சொல்ல வரவில்லை. நாள்தோறும் கை படுகிற விக்கிரகம் வேறு, பல நூறு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தது வேறு. மண்ணிலிருந்து வந்த சிலைமேல் இருப்பதை அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். செம்பும் மண்ணும் ஈரமும் சேர்ந்து மெல்ல மெல்ல வளர்த்த தோல் அது. அடியில் சிவப்பாகக் கியூப்ரைட் என்ற செம்பு ஆக்சைடு, அதன்மேல் பச்சையாக மாலகைட் என்ற செம்பு கார்பனேட். மூக்கின் கூர்மை, நகையின் வேலைப்பாடு, புருவக் கோடு எல்லாம் பல சமயம் அந்தத் தோலில்தான் மிஞ்சி நிற்கும். அதைக் கரைத்துவிட்டால் அடியில் இருப்பது குழி விழுந்த உலோகம்.

உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்கு, செம்பில் பச்சையாகப் பிடிக்கும் களிம்பை உவமை சொல்கிறது சைவ சித்தாந்தம். அதைக் கேட்டு வளர்ந்த நமக்குக் களிம்பு என்றாலே தேய்த்துப் போக்க வேண்டியது என்றுதான் தோன்றும். ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. கெட்டியாக, வழவழவென்று இருக்கிற பச்சை, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. வெளிர் பச்சையாக மாவுபோல் உதிர்கிற புள்ளி இருக்கிறதே, அது நோய். பெயரே வெண்கல நோய்தான். மண்ணின் உப்பிலுள்ள குளோரைடு, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உள்ளே பதுங்கியிருக்கும். காற்று எட்டாத வரை சும்மா கிடக்கும். வெளியே எடுத்ததும் ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டுப் பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பைத் தின்னும், மறுபடி குப்ரஸ் குளோரைடு உண்டாகும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டினாலே கவனம் வேண்டும் என்பார்கள். நம் காவிரி டெல்டாவில் அதற்குக் கீழே இறங்கும் நாள் எத்தனை? போதாததற்கு, நம் வீடுகளில் புளியோடு ஒரு பிடி கல் உப்பும் சேர்த்துத்தான் தேய்ப்பது வழக்கம். உப்பு என்றால் குளோரைடு. நோய்க்குத் தீனி.

ஏட்டில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர் வாரியபோது முழ உயரத்தில் ஓர் அம்மன் கிடைத்தது. ஊரே கூடிவிட்டது. புளி ஒரு வீட்டிலிருந்து வந்தது. உப்பு எடுத்துக் கொடுத்தவன் நான். ஆமாம், வேதியியல் வாத்தியார். சாமி முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையில் படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அன்று மாலை அம்மன் பளபளவென்று இருந்தது, எல்லோரும் கும்பிட்டோம். ஐப்பசி மழை பிடித்ததும் வலது கை மடிப்பில் வெளிர் பச்சையாகப் பொடி. துணியால் துடைத்தோம். பத்து நாளில் மறுபடி. அப்புறம் தகவல் போய், சிலையை எடுத்துப்போன அலுவலகத்தில் அதை யூரியா சாக்கில் போட்டுக் கட்டி, ஜன்னலோரம் பைல்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். தை மாதம் போய்ப் பார்த்தபோது, தாமரை மொட்டு பிடிக்கிற பாவத்தில் இருந்த கையில் ஒரு விரல் இல்லை. சாக்கின் அடியில் பச்சைத் தூளோடு கிடந்தது. கையில் எடுத்தால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. அந்த விரலை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

போனது அழகு மட்டும் என்றால்கூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். சாட்சியும் போய்விடுகிறது. பத்தூர் நடராஜர் வழக்கு தங்களுக்குத் தெரியாததல்ல. அப்போதைய தஞ்சை மாவட்டத்தில் 1976-ல் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட சிலை, கை மாறிக் கை மாறி லண்டன் போய், 1982-ல் அங்கே போலீசிடம் சிக்கியது. அது பத்தூர்ச் சிலைதான் என்று நிறுவ, தொல்லியல் அறிஞர் டாக்டர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறினார். சிற்ப நடையோடு சேர்த்து உலோகமும், சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும், கரையான் போன தடமும்கூட அங்கே பேசப்பட்டன. 1988-ல் தீர்ப்பு நம் பக்கம், 1991-ல் மேல்முறையீட்டிலும் நம் பக்கம், அதே ஆண்டு நடராஜர் ஊர் திரும்பினார். கிடைத்த அன்றே யாராவது புளி போட்டுத் தேய்த்திருந்தால் மண் ஏது, கரையான் தடம் ஏது? நாளைக்கு உங்கள் படத்தில் இருக்கும் அம்மன் காணாமல் போய் வெளிநாட்டில் கிடைத்தால், இந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று எதைக் காட்டுவோம்? புதுச் சிலைக்கு அமிலம் பூசிப் பழசாக்கி விற்கிறவர்களைப் பிடிப்பதும் இந்தத் தோலை வைத்துத்தான். நிஜக் களிம்பு உலோகத்துக்குள் வேர் விட்டிருக்கும், பொய்க் களிம்பு மேலோடு நிற்கும். நுண்ணோக்கியில் தெரிந்துவிடும்.

அதே செய்தியில் ‘பல கோடி மதிப்புள்ள ஐம்பொன் சிலைகள்’ என்றும் இருக்கிறது. இதற்காக முன்பே இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைச் சோதித்துப் பார்த்ததில் பெரும்பகுதி செம்பு, அதோடு வெள்ளீயமும் காரீயமும். தங்கமும் வெள்ளியும் மிகச் சொற்பம். பழங்கால உலோகங்களை ஆராயும் சாரதா ஸ்ரீனிவாசன் இந்தச் சிலைகளின் ஈய ஐசோடோப்புகளை, அதாவது எடை மாறுபடும் ஈய அணு வகைகளை, அளந்து, கலையியலார் சோழர் காலம் என்று வைத்திருந்த சில நடராஜர்கள் பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்கிற அளவுக்கு ஆராய்ந்திருக்கிறார். நீங்களோ தங்கம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். அதைப் படிக்கிறவன் சிலையின் அடியை அரத்தால் ராவிப் பார்க்கிறான். ராவிய தடத்தோடு வந்த சிலைகளைப் பார்த்திருக்கிறேன்.

சொல்ல வந்தபின் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தீபாவளி மலர் ஒன்றில் தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களைப் பற்றி ஆறு பக்கம் வந்தது. நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் அவை இருப்பதை 1931-ல் கண்டுபிடித்த எஸ். கே. கோவிந்தசாமியின் பெயர் இருந்தது, மகிழ்ச்சி. ஆனால் அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை என்று சோதித்துச் சொன்ன எழும்பூர் அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. பழம்பொருள்களைப் பாதுகாக்கும் ஆய்வகம் பிரிட்டிஷ் மியூசியத்தில் வந்தது 1920-ல். பத்தே ஆண்டில், 1930-ல், எழும்பூர் அருங்காட்சியகத்தில் வந்துவிட்டது. களிம்பேறிச் சிதைந்துகொண்டிருந்த திருமேனிகளை, கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் காப்பாற்றினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்றும் தேங்காய் நாரைப் படம் எடுத்துப் போடுகிறோம் என்பது எனக்குத் தாங்கவில்லை. நாற்பது ஆண்டாக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறேன், அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். மண்ணில் சிலை கிடைத்தால் கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், எண்ணெயும் பூச வேண்டாம். ஒட்டிய மண் அப்படியே இருக்கட்டும், உதிர்ந்த மண்ணையும் துண்டுகளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி வையுங்கள். காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, உடனே தாசில்தாருக்குச் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

இன்னொன்று, முடிந்தால். உங்கள் நிருபர் சிலைகள் இப்போது இருக்கும் இடத்துக்கு ஒரு நடை போய், அம்மனின் காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் வெளிர் பச்சைப் பொடி தெரிகிறதா என்று பார்க்கட்டும். தெரிந்தால், மழை தொடங்குவதற்குள் அருங்காட்சியக ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.