வரையத் தெரிஞ்சப்புறம் தான் லினோவான்னு கேட்டியே

கண்ணு,

ஒழுங்கா வரையக் கத்துக்கிட்டு அப்புறமா லினோ தகட்டை வெட்டி மை உருட்டி பேப்பர்ல அச்சு எடுக்கலாமா, இல்ல இப்பவே தொடலாமான்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி விட்டுப்போயிரும்னு உக்காந்து டைப் பண்றேன். ரெண்டையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சிரும்மா. சி.சி., அதான் நம்ம சமூக மன்றம், அங்க கிளாஸ்ல என்கூட சேந்தவங்க நிறைய பேரு, முதல்ல பென்சில் கை வரட்டும்னு ஸ்கெட்ச் புக்குலயே நின்னுட்டாங்க, வரைவாங்க அழிப்பாங்க, திரும்ப வரைவாங்க, பேப்பர் நைஞ்சு போற வரைக்கும் அழிப்பாங்க. வயசு வந்தப்புறம் கத்துக்கிறவங்களுக்கு இது தான் பெரிய தொல்லை, கண்ணுக்கு நல்லது கெட்டது தெரியுது, கை இன்னும் அங்க வந்து சேரல, அதனால போட்ட எந்தக் கோடும் பிடிக்க மாட்டேங்குது. லினோவுல அழிக்க வழியே இல்ல, எதை எடுக்கணும் எதை விடணும்னு கத்தியத் தொடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியாகணும், எனக்கு வரையச் சொல்லிக்குடுத்ததே அந்த முடிவு பண்ற வேலை தான்.

நீ வெட்டி எடுக்கிற இடம் பேப்பர்ல வெள்ளையா வரும், வெட்டாம விட்ட இடத்துல தான் மை ஏறும். பென்சில்ல பழகினதுக்கு அப்படியே எதிர். அதனால கறுப்பு பேப்பரும் வெள்ளை கலர் பென்சிலும் வாங்கிக்க, வெளிச்சம் விழுற இடத்தை மட்டும் தீட்டிப் பழகு, நிழல் பக்கமே போகாத. நம்ம காரிடார் தொட்டியில இருக்கே கருவேப்பிலை, அதுல ஒரு கொத்தத் தான் நான் திரும்பத் திரும்ப வெட்டுறேன். ஒவ்வொரு இலையா பாத்து வரைஞ்சா எல்லாம் ஒரே அளவுல உயிரே இல்லாம வரும். இலைக்கும் இலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியப் பாரு, காம்புகிட்ட அகலமா ஒரு முக்கோணம், நுனிக்குப் போகப் போக அது ஒடுங்கிக்கிட்டே வரும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அந்த இடைவெளிய வரை, இலை தானா வந்து நிக்கும். வெட்டும்போதும் நீ எடுக்கப்போறது அந்த இடைவெளியத் தானே. உனக்கு அங்க கருவேப்பிலை கிடைக்கலன்னா எதாவது ஒரு செடிய ஜன்னல்கிட்ட வச்சுக்க, போட்டோவப் பாத்து மட்டும் ஆரம்பிக்காத, போட்டோ எல்லா இடைவெளியையும் தட்டையாக்கிரும்.

சாமான் நிறைய வாங்காத. சாம்பல் கலர்ல வர்ற நிஜ லினோ, 3.2 மில்லிமீட்டர் கனம், உள்ளங்கை அளவுத் துண்டு போதும். ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் கலந்து சணல் துணி மேல படிய வச்சது அது, 1860கள்ல இங்கிலாந்துல தரைக்கு விரிக்கத் தான் கண்டுபிடிச்சாங்க. குளிர்ல விறைச்சுக்கும். எங்களுக்கு இங்க சிங்கப்பூர்ல வருஷம் பூரா வெயில், லினோ எப்பவும் இளக்கமாவே இருக்கு, ஆனா உன் மெல்பர்ன் ஜூலைக் குளிர்ல அது கல்லு கணக்கா இருக்கும், அஞ்சு நிமிஷம் வெந்நீர் பைய மேல வை இல்லன்னா ஹேர் டிரையர் காட்டு. ஒரு வி முனை, ஒரு யு முனை கத்தி, ஒரு சின்ன ரோலர், ஒரு கண்ணாடித் துண்டு, அவ்ளோ தான்.

படத்தை டிரேசிங் பேப்பர்ல 2பி பென்சில்ல எடுத்து, பென்சில் பக்கம் கீழ வர்ற மாதிரி லினோ மேல கவுத்து வச்சு பின்பக்கம் தேய், இடம் வலம் மாறி ஒட்டும், அச்சு எடுக்கும்போது நேரா வந்துரும். கத்திய செங்குத்தா பிடிக்காத, தாழ்வா பிடிச்சு மெதுவா தள்ளு, சரியா போனா மெல்லிசா ஒரு சுருள் கத்திக்கு முன்னால எழும்பி வரும், சணல் தெரிஞ்சுதுன்னா ஆழம் அதிகம். வளைவு வர்ற இடத்துல கைய வளைக்காம லினோவத் திருப்பு.

மை தான் ரொம்ப பேருக்கு சொதப்புது, ஏன்னா நிறைய வச்சா நல்லா வரும்னு நெனைக்கிறாங்க. கண்ணாடி மேல ஒரு கடலை அளவு மைய வச்சு ரோலரை முன்னும் பின்னும் ஓட்டு, மொதல்ல வழுக்கும், கொஞ்ச நேரத்துல வெங்காயம் வதங்கற மாதிரி ஒரு சன்னமான சத்தம் வரும், அந்த சத்தம் வந்தா தான் லினோ மேல உருட்டணும். சத்தம் வரலன்னா மை ஜாஸ்தி, நீ கஷ்டப்பட்டு வெட்டின சின்னக் கோடெல்லாம் அடைச்சுரும். தண்ணியில கழுவுற எண்ணெய் மை கிடைக்கும், அதையே வாங்கு. வெறும் தண்ணி மை சீக்கிரம் காஞ்சு பேப்பர்ல ஒட்டிக்கும். இங்க ஈரக்காத்துல எண்ணெய் மை காய நாள் கணக்கா ஆகுது, அச்சைத் தொங்கவிடன்னு அப்பா துணி கிளிப்பெல்லாம் எனக்கே விட்டுக்குடுத்துட்டாரு.

பிரஸ் மெஷின் இல்லாம முடியுமான்னு யோசிக்காத, மரக்கரண்டியோட முதுகால பேப்பரை வட்டம் வட்டமா அழுத்தித் தேய்ச்சா போதும். இதை நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. 1950, 60கள்ல நம்ம சிங்கப்பூர்லயே மரக்கட்டை அச்சு எவ்ளோ பலமா இருந்துச்சு தெரியுமா, 1966ல ஆறு ஓவியருங்க சேந்து அதுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்க. அதுல ஒருத்தரு லிம் இயூ குவான், புக்கிட் ஹோ ஸ்வீ வட்டாரத்துத் தீ விபத்தை மரத்துல செதுக்கினவரு. 1961ல நடந்தது, கிட்டத்தட்ட 16,000 பேருக்கு வீடில்லாம போச்சு. அவ்ளோ பெரிய விஷயத்தை சொல்ல அவருக்குப் பலகையும் கத்தியும் கறுப்பு மையும் போதுமா இருந்துச்சு. நீ டிசம்பர்ல வரும்போது ராபர்ட்சன் கீயில எஸ்.டி.பி.ஐங்கிற அச்சுக்கலைப் பட்டறைக்கு கூட்டிட்டுப் போறேன், பழைய கிடங்குல 2002லேர்ந்து நடக்குது, பெரிய பிரஸ்ஸெல்லாம் அங்க தான். உன் ஊர் விக்டோரியா கேலரியிலயும் ஜெர்மன் ஓவியர் டியூரரோட அச்சுப்படங்க பெரிய தொகுப்பே இருக்கு, 1956ல வாங்கினது, எப்ப வெளிய வைப்பாங்கன்னு கேட்டு வை, கிட்ட நின்னு பாரு, நிழலை எல்லாம் வெறும் கோட்டாலயே எப்படி கொண்டுவந்திருக்காருன்னு.

கத்தி ரெண்டும் லினோ நாலு துண்டும் பார்சல் போட்டிருக்கேன். மரப்பலகை வைக்கல, ஆஸ்திரேலியா கஸ்டம்ஸ்ல மரம்னா கெடுபிடி, அங்கேயே வாங்கிக்க. லினோவப் பிடிக்கிற கை எப்பவும் கத்திக்குப் பின்னால இருக்கணும், முன்னால வைக்கவே கூடாது, இதை மட்டும் அம்மாவுக்காக மறக்காத. மொதல்ல எடுத்த அச்சு எப்படி வந்தாலும் மூலையில பென்சில்ல தேதி போட்டு எனக்கு அனுப்பு, ஸ்கேன் வேணாம், பேப்பரையே அனுப்பு.

அம்மா