இலவச பஸ் இருக்கு, ஆனா ஆறு மணிக்கு இல்லையே!

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். சாயங்காலம் கபடி பிராக்டீஸ் முடிஞ்சு எங்க பிள்ளைங்க வீட்டுக்கு வர பஸ் இல்லாததப் பத்தி எழுதுறேன்.

போன வருஷம், அதாவது 2025ல, பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில நம்ம சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்த கபடி டீம் தங்கம் வாங்குச்சில்ல, அந்த போட்டோவ பேப்பர்ல இருந்து வெட்டி என் மக கணக்கு நோட்டு அட்டைக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கா. கணக்கு டீச்சர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையாம். அவங்கதான் பி.டி. பீரியட அடிக்கடி கடன் வாங்குறவங்க, மனசு உறுத்திருக்கும் போல!

நாங்க மதுரை மாவட்டத்துல ஒரு கிராமம். மக ஒன்பதாவது, ஸ்கூலு ஏழு கிலோமீட்டர். எட்டாவது வரைக்கும் அவ ஸ்கூலுக்கு போனது பாதி நாளுதான், பொய் சொல்லல, மிளகா பறிக்க ஆள் இல்லன்னா நானே நிறுத்திக்குவேன், கோயில் திருவிழான்னா ரெண்டு நாள், தலைவலின்னா ஒரு நாள். கபடியில சேந்த பிறகு கதையே மாறிடுச்சு, ஏன்னா பி.டி. மாஸ்டர் ஒரே ஒரு ரூல் வச்சிருக்காரு, காலையில ப்ரேயர்ல நிக்காத பிள்ளை சாயங்காலம் கோர்ட்டுல இறங்கக்கூடாது. அவ்வளவுதான். இப்ப காய்ச்சலோட கிளம்புறா, நான்தான் புடிச்சு உக்கார வைக்க வேண்டியிருக்கு.

வயசுக்கு வந்த பிள்ளை அரை டவுசர் போட்டு ஆடுறதான்னு எங்க மாமியார் ஒரு மாசம் என்கிட்ட பேசல. அப்புறம் ஜோனல் போட்டியில ஜெயிச்ச சர்டிபிகேட்ட கொண்டாந்து காட்டினதும், இன்னும் பெரிய போட்டியில மெடல் வாங்கினா கவர்மென்ட் வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் கோட்டா இருக்குன்னு மாஸ்டர் வீட்டுக்கே வந்து சொன்னதும், இப்ப அதே மாமியார்தான் முட்டை அவிச்சு குடுக்குறாங்க. பத்தாவது படிக்கிற இன்னொரு பிள்ளைக்கு மாப்பிள்ளை பேச்சு எடுத்தப்போ, ஸ்டேட் லெவல் ஆடிட்டு வரட்டும்னு அந்த அப்பாவே தள்ளிப் போட்டாரு, பதினாறு வயசுல கல்யாணம் சட்டப்படி தப்புன்னு சொல்லிருந்தா கேட்டிருப்பாரான்னு தெரியாது.

இப்ப நான் எழுத வந்த விஷயம். பிராக்டீஸ் முடியுறது ஆறு மணி. எங்க ஊர் டவுன் பஸ் நாலரைக்கு ஒண்ணு, அதை விட்டா எட்டு மணிக்குத்தான். பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு 2021ல இருந்து நல்லாத்தான் இருக்கு, நானே தினம் அதுலதான் போறேன், ஆனா பஸ்ஸே இல்லாத நேரத்துல இலவசம் இருந்து என்ன பண்ண? பதினாலு பேர் டீம்ல அஞ்சு பேர் நாலரை பஸ்ஸ புடிக்கணும்னே ஆட்டத்த விட்டு நின்னுட்டாங்க. ஆடத் தெரியாம இல்ல, வீட்டுக்கு வர வழி இல்லாம. அதுல ஒருத்தி இப்ப ஸ்கூலுக்கும் சரியா வர்றதில்லன்னு கேள்விப்பட்டேன்.

கண்ணகி நகர் பிள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கமே பிராக்டீஸ் நடக்குது, அது பெரிய விஷயம். எங்க பக்கத்து சக்கிமங்கலம் ரேவதிய எடுத்துக்கோங்க, சின்ன வயசுலயே அப்பா அம்மா இறந்து போயிட்டாங்க, கூலி வேலை பாத்த பாட்டிதான் வளத்தாங்க, பேத்திய வேலைக்கு அனுப்புன்னு சொந்தக்காரங்க சொன்னதுக்கெல்லாம் அசையாம படிக்க வச்சாங்க. வெறுங்கால்ல ஓடின அந்தப் பொண்ணு 2021ல டோக்கியோ ஒலிம்பிக்ஸ் ரிலேல ஓடினதுக்கு, கோச் கண்ணன் பாட்டிகிட்ட பேசி மதுரையிலயே காலேஜும் ஹாஸ்டலும் ஏற்பாடு பண்ணினதும் ஒரு காரணம். எல்லா ஸ்கூல்லயும் அப்படி ஒருத்தர் அமைவாங்களா சார்?

டிப்போவுல மனு குடுத்தோம். அந்த ட்ரிப்புக்கு ஆள் ஏறாதுன்னாங்க. ஒன்பது பிள்ளைங்க தினம் ஏறுவாங்கன்னு லிஸ்ட் எழுதிக் குடுத்தோம், பாக்குறோம்னாங்க, மூணு மாசம் ஆச்சு. புது பஸ் கேக்கல, எட்டு மணி பஸ்ஸ ஆறேகாலுக்கு மாத்துங்கன்னுதான் கேக்குறோம். இதை உங்க பேப்பர்ல போட்டா யார் கண்ணுலயாவது படும்.

இப்போதைக்கு அப்பாமாருங்க காசு போட்டு ஒரு ஷேர் ஆட்டோ பேசிருக்கோம். அடுத்த வாரம் ஆட்டோக்காரர் பழனிக்கு நடைபயணம் போறாராம், அந்த பத்து நாளுக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவாகல.

இப்படிக்கு,
ஒன்பதாவது படிக்கிற கபடி பிள்ளையோட அம்மா,
மதுரை மாவட்டம்.