'பெங்கால்' மாலுமிகளின் பெயர்கள் எங்கே? அருங்காட்சியகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தாங்கள் புதிதாகத் திறந்திருக்கும் போர்க்காலக் கடற்படைக் காட்சிக்கூடத்தில், 1942 நவம்பர் 11 அன்று 'பெங்கால்' என்ற இந்தியக் கடற்படைக் கப்பல் நடத்திய சண்டைக்கு ஒற்றை வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த வரியிலும் அதன் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் வில்சனின் பெயர் மட்டுமே உண்டு. அவரோடு நின்ற இந்திய மாலுமிகளில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் பெயர்களையும் பலகையில் பொறிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நடந்ததைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். சிட்னியில் கட்டப்பட்டுப் படையில் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த, சுமார் 650 டன் எடையுள்ள அந்தக் கார்வெட் வகைச் சிறு காவல் போர்க்கப்பல், 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃபிரிமாண்டிலிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஒவ்வொன்றும் 10,000 டன்னைத் தாண்டிய 'ஹோகொக்கு மாரு', 'ஐகொக்கு மாரு' ஆகிய இரு ஜப்பானியக் கப்பல்களிடம் அகப்பட்டது. அதன் முகப்பில் இருந்த பெரிய ஆயுதம் ஒரே ஒரு 3 அங்குலப் பீரங்கி. எதிரியின் குண்டுகளோ ஏறத்தாழ இருமடங்கு விட்டமுடையவை. ஒண்டினா தப்பட்டும் என்று பெங்கால் பகைவரை நோக்கியே திரும்பியது. ஓடினாலும் எதிரி எட்டிப் பிடித்துவிடுவான் என்று தெரிந்த கடலில், ஒவ்வொரு குண்டையும் கையால் ஏந்தி வந்து, கையாலேயே பீரங்கியில் திணித்துச் சுட்டவர்கள் அந்த மாலுமிகள். கிடங்கு காலியாகும் தறுவாயில்தான் புகைத்திரை விட்டு விலகி, டியகோ கார்சியா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் ஹோகொக்கு மாரு வெடித்து மூழ்கியிருந்தது. எந்தக் கப்பலின் குண்டு அதை மூழ்கடித்தது என்று அறிஞர்கள் வாதிடட்டும்; துணைக்கு வந்த கப்பல் தன் கடமையைச் செய்தது என்பதில் வாதமில்லை.

பெங்காலின் உடன்பிறப்புகளான 'காசில்மெய்ன்', 'வயல்லா' ஆகியவற்றை ஆஸ்திரேலியர் இன்றும் அருங்காட்சியகங்களாகப் பேணுகிறார்கள். நாமோ பெங்காலை 1960இல் உடைத்து இரும்பாக்கினோம். இரும்பு போனது போகட்டும், பெயர்களையுமா பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டும்? வெள்ளையனுக்கு ஊழியம் செய்தவர்கள் என்று ஒரு சாராருக்கும், 1946இல் ஆங்கிலேயருக்கு எதிராகக் கலகம் செய்த கடற்படையைச் சேர்ந்தவர்கள் என்று இன்னொரு சாராருக்கும் இம்மாலுமிகள் தோதுப்படாமல் போனார்கள் போலும். பலகையில் இடம் போதவில்லை என்பது தங்கள் பதிலானால், வாசலில் பளிங்கில் பொறித்திருக்கும் நன்கொடையாளர் பட்டியலைச் சற்றே சுருக்கிக்கொள்ளலாம்.

சூடாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டுகிறேன். பணிப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, அன்று கப்பலில் இருந்த மாலுமிகள் அனைவரின் பெயர்களையும், பதவி வேறுபாடின்றி, தளபதியின் பெயருக்குரிய அதே எழுத்தளவில், அடுத்த நவம்பர் 11க்குள் அப்பலகையில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
காட்சிக்கூடத்துக்கு வந்துபோன ஒரு பார்வையாளர்