தோட்டத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் நன்றி

பிள்ளை திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்துவிட்டான். இன்று காலை அவனே கேட்டு இரண்டு இட்லி சாப்பிட்டான். அன்று புதர் மண்டிய எங்கள் தோட்டத்தில் அவனுக்கு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி சொல்ல என்னால் ஆகாது. இந்த ஈரம் மனசில் இருக்கும்போதே நன்றியையாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அம்மா போன பிறகு பின்பக்கத் தோட்டத்தை நான் எட்டிப் பார்க்கவே இல்லை. 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கொண்டுவந்து போட்ட வண்டலில் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. வேலியோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு, நடுநடுவே வேலிகாத்தான், அடியில் கோரை. விட்டது என் தவறுதான்.

அரிவாளும் கடப்பாரையுமாக வந்து வேலிகாத்தானைத் தூரோடு பெயர்த்த தெருப் பிள்ளைகளுக்கும், புல் வெட்டும் மெஷினைக் கொடுத்துப் பெட்ரோல் காசுகூட வாங்காத நெல்லிக்குப்பத்து அண்ணனுக்கும், வெட்டிய காட்டாமணக்கு ஈர மண்ணில் கிடந்தால் துண்டுக்குத் துண்டு வேர் விடும் என்று அத்தனையையும் மொட்டை மாடிக்கு ஏற்றிக் காயப்போட்ட மாமாவுக்கும், வேளை தவறாமல் சோறு அனுப்பிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

கீரைக்கார ஆயாவை யாரும் கூப்பிடவில்லை. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "இருங்கடா, அங்க அருவா போடாதீங்க" என்று நேரே உள்ளே போனார். பார்த்தீனியத்தை விலக்கி, காய்ந்த சுள்ளி மாதிரி கிடந்த ஒரு கொடியை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை. அம்மாவின் நித்தியமல்லி! முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு விரல் அகலம் கிழித்து அதில் கட்டினார். "உங்கம்மா என்னை ஒரு நாளும் பூ இல்லாம அனுப்பாது" என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது.

அப்புறம் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார். கோரையை மேலே பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே நின்றுவிடும். ஒரு சாண் ஆழம் தோண்டி, சரத்தில் கோத்த மணி போல வந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு சொம்பு நிறைத்தார். வெயில் ஏறிக் கூடையில் கீரை வாடிப்போயிற்று. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

இனி அந்த மண்ணை நான் விடமாட்டேன். பார்த்தீனியம் ஒரு செடியே 10,000 விதைக்கு மேல் போடும். அதனால் மழை பெய்த மறுநாள், மண் இளகியிருக்கும்போது, பூ வைக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு எடுப்பேன். வெறுந்தரையாக விட்டால் திரும்ப வரும் என்று காராமணி விதைத்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்படிக் கிடந்தால் ஒரு குரல் கொடுங்கள், அரிவாளோடு வருகிறேன்.

ஆயா, கொடி இரண்டு இடத்தில் துளிர்த்திருக்கிறது. நீங்கள் கட்டிய கிழிசலை நான் தொடவில்லை. வந்து உங்கள் கையாலேயே அவிழ்த்துவிடுங்கள்.